அறுபது படி பொரி

மிளகுபட்டணத்து ராஜா தெய்வச்சிலையாருக்கு ஒருநாள் சமையற்கட்டை எட்டிப் பார்க்கும் ஆசை வந்தது. ராஜாக்களுக்கு வரவே கூடாத ஆசை அது. உள்ளே சமையற்காரர் அடைக்கலம் ஒரு படி அரிசியைத் தராசில் கொட்டினார். சரியாக ஒரு வீசை எடை நின்றது.

"அட! ஒரு படியும் ஒரு வீசையும் ஒண்ணுதானா? அப்புறம் எதுக்கு ரெண்டு அளவு? படியைத் தூக்கிப் பரண்ல போடு. இனி ஒரு படின்னா ஒரு வீசை. எந்தப் பொருளானாலும் சரி!"

"மகாராஜா, அரிசிக்கு அது சரி. கொத்தமல்லித் தழைக்கு..."

"இங்கே ராஜா நீயா, நானா?"

மறுநாள் ரசத்தில் ஒரு படி தழைக்குப் பதிலாக ஒரு வீசை தழை விழுந்தது. ராஜா கரண்டியை விட்டுத் துழாவித் துழாவிப் பார்த்தார். ரசம் அகப்படவே இல்லை.

"இது ரசமா, மாட்டுத் தீவனமா?"

"தங்கள் சட்டப்படிதான் மகாராஜா..."

"என் சட்டம் தப்பாகாது. உன் கைதான் தப்பு! நாளைக்கு என் பிறந்தநாள். அது முடிஞ்சதும் நாட்டை விட்டு ஓடிப்போ!"

அடைக்கலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. அடுப்படியை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது. நேரே மந்திரி குழைக்காதரிடம் போய் நின்றார்.

"மூட்டை முடிச்சோட நாளைக்குக் கோயிலுக்கு வாரும்" என்றார் மந்திரி. அவ்வளவுதான் சொன்னார். பாவி மனுஷன், ஒரு ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லவில்லை!

பிறந்தநாளில் ராஜாவைத் தராசில் உட்காரவைத்து, எடைக்கு எடை வெல்லம் வைத்து அம்மனுக்குக் கொடுப்பது அந்த நாட்டு வழக்கம். தட்டு சமமாகும்வரை ராஜா இறங்கக் கூடாது. ராஜாவுக்குச் சமமாக நின்றது அம்மனுக்கே சொந்தம்.

"வெல்லம் எதுக்கு மகாராஜா?" என்றார் குழைக்காதர். "நீங்க அறுபது வீசை. உங்க சட்டப்படி அறுபது படி பொரி போதுமே!"

ராஜா சரியான கஞ்சர். பூரித்துப்போனார். பரணிலிருந்து ஒரு படி இறங்கி வந்தது. அறுபது படி பொரியை அளந்து கொட்டினார்கள். தட்டு அசையவில்லை. ஊரிலுள்ள பொரியை எல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள். பாதியைக் காற்று அடித்துக்கொண்டு போனது, மீதியைக் காக்கை தின்றது. காலையிலிருந்து பட்டினி கிடந்த ராஜா தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தார்.

"என்னய்யா இது, பொரி ஏன் கனக்கலை?"

"பொரிக்குச் சட்டம் தெரியலை மகாராஜா. அதையும் நாடு கடத்திடலாமா?"

"வேணாம்யா! சட்டம்தான் தப்பு. குப்பையில போடு. முதல்ல என்னை இறக்கு!"

உடனே மந்திரி பொரியைத் தள்ளிவிட்டு, ஓரமாக நின்ற அடைக்கலத்தைப் பிடித்துத் தட்டில் உட்காரவைத்தார். ராஜாவுக்கு ஆக்கியதையெல்லாம் ருசி பார்த்தே வளர்ந்த உடம்பு அது. ராஜாவின் தட்டு மேலே வந்தது. கொஞ்சம் குறைந்தது. மடியில் மூட்டையை வைத்ததும் சமமாக நின்றது.

"அம்மனுக்குச் சேர்ந்தாச்சு!" என்று பூசாரி மணியடித்தார்.

ராஜா விழித்தார். "அப்போ இவனை நாடு கடத்த முடியாதா?"

"அம்மன் சொத்தை எப்படி மகாராஜா கடத்துறது? இனி இவர் கோயில் மடைப்பள்ளியிலதான் சமைப்பார்."

"அய்யய்யோ, அப்போ என் சாப்பாடு?"

"பிரசாத வரிசை நீளம். சீக்கிரம் வந்து நில்லுங்க."

ராஜா வயிற்றைத் தடவிக்கொண்டே போய், இலையும் கையுமாக வரிசையில் நின்றார். அவர் முறை வந்தது. அடைக்கலம் பணிவாகக் கேட்டார்:

"மகாராஜாவுக்குப் பொங்கல் படியிலயா, வீசையிலயா?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார்.

"பசி உயிர் போகுது. கரண்டியில போடுப்பா!"