முதலில் வந்த தாள்

"லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஈகூட நுழையக் கூடாது!" என்று ஃபயர்வால் என்னும் காவல் மென்பொருளை இறுக்க மூடவைத்தவர் பள்ளித் தாளாளர் ஞானசிகாமணி. மூன்று நாளாகக் கம்ப்யூட்டர் திரையில் பிரின்டரையே காணோம் என்று லேப் உதவியாளர் செங்கமலத்தின் மீது பாய்ந்தவரும் அவர்தான்.

செங்கமலம் அவர் அறைக் கதவைச் சாத்தினாள்.

"வெளியே யார் நிக்கிறாங்க சார்?"

"கதவைச் சாத்திட்டா எப்படித் தெரியும்?"

"கம்ப்யூட்டருக்கும் அதே கதிதான் சார். பிரின்டர் வெளியே நின்னு பேரைச் சொல்லுது. ஃபயர்வால் உள்ளே விடல."

பிரின்டருக்கு மட்டும் ஒரு வழி திறந்தாள். முதலில் அச்சாகி வந்தது, தாளாளர் அனுப்பி வைத்திருந்த அவளுடைய பணிநீக்க உத்தரவு: 'பிரின்டரைச் சரிசெய்யத் தெரியாத காரணத்தால்.'

தாளாளர் தலை கவிழ்ந்தது.

"அது பிரின்ட் வரிசையில முதல்ல நிக்கிறது எனக்கு முன்னாடியே தெரியும் சார்," என்றாள். "அது வந்தாத்தான் பின்னாடி நாற்பது பிள்ளைங்களோட ஹால்டிக்கெட் வரும். நாளைக்குப் பரீட்சை."