தணிகாசலம் வீட்டுக் கார்

ஆரணியில் தணிகாசலம் என்று ஒருத்தர் இருந்தார். யோசிக்காமல் எந்தக் காரியத்திலும் இறங்க மாட்டார். வினையே அந்த யோசனைதான். அவர் ஒருத்தர் யோசிப்பது போதாதென்று, கூட உட்கார்ந்து யோசிக்க மச்சினன் பூவராகனும் சகலை ஏகாம்பரமும் இருந்தார்கள்.

மகள் மேகலாவுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று, சம்பந்தி திருநாவுக்கரசு எதிரில் தணிகாசலம் வாயை விட்டுவிட்டார். மாப்பிள்ளை அழைப்பு எங்கப்பா காரில்தான் என்று. அந்தக் காரில் பல வருஷமாகக் கோழிதான் அடைகாத்துக்கொண்டிருந்தது. கார் ஓடாவிட்டால் சம்பந்தி முகத்தில் எப்படி விழிப்பது?

மெக்கானிக் ஜபருல்லாவுக்குக் காலில் மாவுக்கட்டு. வர முடியாது, போனில் சொல்கிறேன், சொல்வதை அப்படியே செய்யுங்கள், சொந்தப் புத்தியை மட்டும் உபயோகிக்க வேண்டாம் என்றார். அந்தக் கடைசி நிபந்தனை மூன்று பேருக்கும் பெரிய நிம்மதியாக இருந்தது.

முதலில், துரு போகிற வரைக்கும் தேய்க்கச் சொன்னார். தேய்த்தார்கள். ஒரு பக்கத்துக் கதவில் துரு பூராவும் போய்விட்டது. கதவும் போய்விட்டது. பூவராகன் கையில் கைப்பிடி மட்டும் மிஞ்சியது. இத்தனை நாளும் துருவைத்தான் கதவென்று நம்பியிருக்கிறோம், நல்லவேளை கண்டுபிடித்தோம் என்று ஏகாம்பரம் சந்தோஷப்பட்டார்.

அடுத்தது, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நட்டு போல்ட்டுகளைத் தொலையாமல் பத்திரமான இடத்தில் போட்டு வைக்கச் சொன்னார். பீரோவைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று தணிகாசலத்தின் மனைவி தனபாக்கியம் சொல்லிவிட்டாள். ஆகவே விவாதம் நடந்தது.

"பேங்க்ல போடலாமா மாமா?" என்றான் பூவராகன்.

"பேங்க்ல நாம போட்ட நோட்டையே திருப்பித் தர்றானா? வேற நோட்டுதானே தர்றான்," என்றார் தணிகாசலம். "போல்ட்டும் அப்படித்தான் தருவான். அளவு சேராது."

ஏகாம்பரம் வெகுநேரம் மோவாயைத் தடவினார். "கோயில் உண்டியல் சகலை. ரெண்டு பூட்டு, மேலே அரக்கு சீல்."

மூவரும் அசந்துபோனார்கள். கை கையாக அள்ளிப் போட்டுவிட்டு, விபூதியும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். திருப்பிக் கேட்கப் போனபோது, உள்ளே விழுந்தது சாமி சொத்து, உண்டியல் எண்ணும்போது மனு கொடுங்கள் என்று அதிகாரி அனுப்பிவிட்டார். அதற்குள் கல்யாணம் முடிந்துவிடும். வேறு வழியில்லாமல் காரைத் தாம்புக்கயிற்றால் கட்டுவதென்று முடிவானது.

கட்டப் போகும்போது ஜபருல்லாவே போன் பண்ணினார். எல்லாத்தையும் துடைச்சுத் திருப்பி மாட்டிடுங்க என்றார்.

"திருப்பியா சொன்னாரு?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"அழுத்திச் சொன்னாரு," என்றார் தணிகாசலம்.

திருப்பியே மாட்டினார்கள். முன் விளக்கு இன்ஜினுக்கு வெளிச்சம் காட்டியது. சீட்டெல்லாம் பின்பக்கம் பார்த்தன. ஓட்டுகிற இடத்தில் தணிகாசலம் உட்கார்ந்து பார்த்தார். ஸ்டியரிங் முதுகில் இடித்தது. என்னவோ சரியில்லை என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சொந்தப் புத்தி தலைகாட்டுகிறதே என்று பயந்து, அதை அப்படியே அமுக்கிவிட்டார்.

மாப்பிள்ளை அழைப்பும் வந்தது. நாதஸ்வரம் முழங்க மாப்பிள்ளை மாலையோடு ஏறி, பின்கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்தான். தணிகாசலம் கையை முதுகுக்குப் பின்னால் வளைத்துச் சாவியைத் திருப்பினார். கார் மூச்சே விடவில்லை. ஜபருல்லாவுக்குப் போன் போட்டதற்கு, தள்ளி ஸ்டார்ட் பண்ணுங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

உடனே தணிகாசலம் இறங்கி, மூன்று பேருமாகத் தள்ளிப் போய் நின்றார்கள். அங்கிருந்து சாவி எட்டவில்லை. பூவராகன் முருங்கைக்காய் பறிக்கும் துரட்டியைக் கொண்டுவந்து நீட்டினான். சாவி ஒடிந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றிருக்கலாம் என்று ஏகாம்பரம் வருத்தப்பட்டார்.

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரே நிற்கிறது, சம்பந்தி வீட்டார் மண்டபத்தில் காத்திருக்கிறார்கள். கடைசியில் சாமி தூக்குகிற ஆட்கள் மனமிரங்கி, பல்லக்குத் தூக்கும் வாரை மரம் இரண்டைக் காருக்கடியில் கொடுத்து, மாப்பிள்ளையோடு தோளில் தூக்கினார்கள். தணிகாசலம் ஓடிப்போய்த் தொற்றி ஏறிக்கொண்டார். திருப்பம் வந்தபோதெல்லாம் ஒழுங்காகக் கையை வெளியே நீட்டினார். அப்பா கார் ஓடுகிறது என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மண்டப வாசலில் கார் இறங்கியது. திருநாவுக்கரசு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்று கேட்டார் திருநாவுக்கரசு.

தணிகாசலம் டேங்க்கில் குச்சி விட்டுப் பார்த்தார். "கிளம்பும்போது ஊத்தின பெட்ரோல் அப்படியே இருக்குங்க சம்பந்தி. சொட்டுக்கூடக் குறையல."

திருநாவுக்கரசு தானும் ஒரு தரம் குச்சி விட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். தணிகாசலத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும், திருநாவுக்கரசு தன்னுடைய புத்தம்புதுக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு தணிகாசலம் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். சாவியை அவர் கையில் வைத்தார்.

"இது பெட்ரோலாக் குடிக்குது சம்பந்தி. இதையும் உங்க வண்டி மாதிரி பண்ணிக் குடுத்துடுங்க. அவசரமில்ல," என்று சொல்லிவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே போனார்.