தலைமாட்டைப் பிடிக்க வந்த மூவர்

காலை பத்து மணி இருபது நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று விட்டுவிட்டுப் பலமாக வீசியது. சங்குமுனைக் கடற்கரையில் ஏழு பாய்மரப் படகுகள் கொடியசைவுக்குக் காத்திருந்தன.

இந்தப் போட்டியைக் காண இப்போது வெளியூர்ப் பயணிகள் பேருந்து பேருந்தாக வருகிறார்கள். அவர்களைக் கடலுக்குள் அழைத்துச் செல்ல மோட்டார் படகுகளும் உண்டு. ஆகவே பழைய விதிகளோடு புதிய விதி ஒன்றும் சேர்ந்தது. படகில் ஏறிய ஆறு பேரும் அதே படகில் கரை சேர வேண்டும் என்பது பழையது. போட்டியாளர் ஒருவரை மோட்டார் படகு ஏற்றிக்கொண்டால் அவருடைய படகு தோற்றதாகும் என்பது புதியது. முதலில் வரும் படகுக்கு ஒரு கோப்பை; இரண்டாம் பரிசு என்றுமே கிடையாது.

சந்தியாகு சுக்கான் பிடித்த படகு முந்தியது. அது சாயாதபடி பக்கப் பலகையில் அமர்ந்து பாரம் கொடுத்தவர் இஞ்ஞாசி. வயது ஐம்பத்தெட்டு, முத்துக்குளித்த குடும்பம். திரும்பும் வழியில் காற்று மாறி வீச, பாய்க்கழி சுழன்று அவரைக் கடலில் தள்ளியது.

சந்தியாகு அக்கணமே படகைத் திருப்பத் தொடங்கினார். பாய்மரப் படகு நினைத்தவுடன் திரும்பாது. காற்றைச் சுற்றி வளைந்து வரப் பத்து நிமிடமாவது ஆகும்.

அருகில் இருந்தது கஸ்பாரின் மோட்டார் படகு. பதினொரு பயணிகளுடன் அவன் நெருங்கியபோது, இஞ்ஞாசி வலக்கையை உயர்த்தி, வராதே என்று சைகை காட்டினார். கஸ்பார் எஞ்சினை நிறுத்தினான்.

அடுத்து வந்தது மிக்கேலின் படகு. கூப்பிடு தூரத்தில் அது கடந்தபோது இஞ்ஞாசி கத்தினார்:

"டேய் மிக்கேலு! எட்டு வருசமா என் முதுகையே பார்த்துக்கிட்டு வர்றே. இன்னைக்கு ஒருநாளாவது முன்னாடி போடா!"

"கோப்பையைக் கொண்டாந்து காட்டுறேன், மாமா!" என்று மிக்கேல் சிரித்தான். மோட்டார் படகு பக்கத்திலேயே நிற்பதைப் பார்த்தபடி அவன் போய்விட்டான். அந்தப் பேச்சு கஸ்பாரின் காதிலும் விழுந்தது.

பயணிகள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் கேட்டார்: "அவர் ஒரு கையாலதானே நீந்துறார்? தூக்கிடுங்களேன்."

"அவரு முத்துக்குளிச்ச ஆளும்மா. நாம தொட்டா அவுங்க படகு தோத்துரும். பெறகு என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிடுவாரு."

நான்கு நிமிடம் கழித்து நீர்ப்பரப்பில் தலை இல்லை. கஸ்பார் குதித்துத் தேடினான். உடலைத் தூக்கியபோதுதான் இடத்தோள் எலும்பு நழுவியிருந்தது தெரிந்தது.

மறுநாள் காலை மிக்கேல் கோப்பையைக் கோயில் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தான். சந்தியாகு பாய்மரத்தைக் கழற்றிக் கிடத்தினார். கஸ்பார் காத்திருந்த பயணிகளிடம், "இன்னைக்குப் படகு இல்லைங்க" என்று சொல்லி அனுப்பினான். பிறகு மூவரும் இஞ்ஞாசியின் வீட்டுக்கு வந்தார்கள். கடலில் இறந்தவரிடம் கடைசிவரை சரியாக நடந்துகொண்டவரே சவப்பெட்டியின் தலைமாட்டைப் பிடிக்க வேண்டும் என்பது சங்குமுனை வழக்கம். யார் என்று சொல்ல வேண்டியவர் மனைவி பிரகாசி.

சந்தியாகு திரும்பினார், ஆனால் நேரத்துக்கு வந்து சேரவில்லை. மிக்கேல் இறந்தவர் வாயால் சொன்னதைச் செய்தான். கஸ்பார் அவர் காட்டிய சைகைக்குக் கட்டுப்பட்டு, அவரை விட்டு அகலாமல் நின்றான். இம்மூவரில் தலைமாடு யாருக்கு உரியது?

விடை: சந்தியாகுவுக்கு. விதியும் அதையே கேட்டது என்றாலும், எவர் சொல்லையும் எதிர்பாராமல் அக்கணமே இஞ்ஞாசியிடம் திரும்பியவர் அவர் ஒருவர்தான். மிக்கேல், துணைக்கு ஆள் நிற்பதாக நம்பிப் போனான். அந்த நம்பிக்கையில் பிழை இல்லை, ஆனாலும் அவன் நிற்கவில்லை. கஸ்பார் காத்ததோ, இல்லாத ஒன்றை. மிக்கேல் முந்திய நொடியிலேயே இஞ்ஞாசியின் படகு தோற்றுவிட்டது. அதன்பின் அவரைத் தூக்கியிருந்தால் எவரும் எதையும் இழந்திருக்க மாட்டார்கள். பிரகாசி சந்தியாகுவைத் தலைமாட்டுக்கு அழைத்தார். கஸ்பாரை அவர் ஏசவில்லை. "சோறு வேணுமான்னு கேட்டாக்கூட மொதல்ல வேண்டாம்னுதான் சொல்வாரு. முப்பத்தஞ்சு வருசமா கேக்காமத்தான் போட்டேன். நீயும் கேக்காம தூக்கியிருக்கணும், தம்பி" என்றார்.