ஒற்றை மைக்

"என் ரெக்கார்டுல யாருமே இல்ல மிஸ்," என்றாள் சலேத் மேரி.

பிலோமி தன் வீட்டில் பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நீ இருக்கியே."

"நான் மட்டும்தான் இருக்கேன்."

பிலோமி அடுத்த பீன்ஸை எடுத்தாள்.

*

இருவரும் கொடைக்கானலில் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

ஊரைவிட்டுப் போன ஓர் அமெரிக்கக் குடும்பம் தன் இசைத்தட்டுகளை அந்தப் பள்ளியிலேயே விட்டுப் போயிருந்தது. அந்நாட்டு மலைக்காரர்களின் பாட்டு. புளூகிராஸ் என்று பெயர். பிடிலும் மாண்டலினும் கிட்டாரும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். நடுவில் ஒரு குரல் தனியாக நின்று அழும்.

அந்த வகுப்பில் நான்கு பேர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சொற்கள் புரியவில்லை. மலை புரிந்தது.

சலேத் பாடினாள், பிடில் வாசித்தாள். ராயப்பன் மாண்டலின். டெனிஸ் கிட்டார். பிலோமிக்கு மிச்சமிருந்தது ஆளைவிட உயரமான தந்தி வாத்தியம், டபுள் பேஸ்.

அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு மைக்.

நான்கு பேரும் அதைச் சுற்றி நிற்பார்கள். பாடுகிறவர் முன்னால் வருவார். முடிந்ததும் பின்னால் நகர்வார். அந்த இடத்துக்கு அடுத்தவர் வருவார். பேஸின் சத்தம் பெரிது. அதனால் பிலோமி மட்டும் தூரத்தில், சுவரோரமாக நின்றாள். அங்கிருந்து பார்த்தால் எல்லாரும் தெரிந்தார்கள். யார் எப்போது வர வேண்டும், யார் எங்கே நிற்க வேண்டும் என்று அவளே சொன்னாள்.

"வாசிக்கிறது அப்புறம். முதல்ல நிக்கக் கத்துக்கங்க."

ராயப்பன்தான் அவளை முதலில் மிஸ் என்று கூப்பிட்டான். கேலிக்குத்தான். ஆனால் அந்தப் பெயர் நின்றுவிட்டது.

ஒரு கிறிஸ்துமஸ் கச்சேரியில் சலேத் தன் பகுதியை வாசித்துவிட்டு வேகமாகப் பின்னால் நகர்ந்தாள். கையில் பிடில் வில் நீட்டியபடியே இருந்தது. முன்னால் வந்த ராயப்பனின் புருவத்தில் அது குத்தியது. ரத்தம் கன்னத்தில் வழிய, அவன் மாண்டலினை வாசித்து முடித்தான். ஜனங்கள் அன்று அதற்குத்தான் அதிகமாகக் கைதட்டினார்கள்.

"போகும்போது வில்லை இறக்கிக்கிட்டுப் போ," என்றாள் பிலோமி.

அதன்பிறகு சலேத்தின் கை தானாகவே இறங்கியது.

ராயப்பனின் புருவத்தில் ஒரு கோடு மட்டும் தங்கிவிட்டது. கேட்பவர்களிடம் அவன், "எங்க பாட்டுக்காரி போட்ட கையெழுத்து," என்பான்.

*

பிறகு சென்னையிலிருந்து ஓர் இசையமைப்பாளர் வந்தார். சலேத்தின் குரலை ஒரு படத்தில் வைத்தார். அந்தப் பாட்டு ஆட்டோக்களில் ஓடியது, கல்யாண மண்டபங்களில் ஓடியது. புளூகிராஸ் என்ற சொல்லையே கேட்டிராதவர்கள் அதை முணுமுணுத்தார்கள். சபாக்காரர்கள் கூப்பிட்டார்கள். தேயிலை விளம்பரத்துக்குக் கூப்பிட்டார்கள்.

சலேத் மலை இறங்கிப் போனாள்.

டெனிஸ் கனடாவுக்குப் போனான்.

ராயப்பன் இறந்துபோனான். இது அவன் இல்லாத இரண்டாவது கிறிஸ்துமஸ்.

பிலோமி எங்கும் போகவில்லை.

*

"கம்பெனிக்காரங்க நம்ம பழைய பாட்டையெல்லாம் கேட்டாங்க," என்றாள் சலேத். "மலைப் பாட்டு மட்டும் வச்சு ஒரு ஆல்பம்."

"நல்லதுதானே."

"ஆள் வேணும்ல. உங்களைக் கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டீங்க."

"பேஸை மட்டும் தனியா வாசிச்சுட்டுப் போகச் சொன்னே. யாரைப் பார்த்து வாசிக்க?"

"அதான் எல்லாத்தையும் நானே பண்ணிட்டேன். பிடில் நான். பாட்டு நான். மேல் குரல், கீழ்க் குரல், அதுவும் நானே. கண்ணாடி ரூமுக்குள்ள ஹெட்போனை மாட்டிக்கிட்டு, நான் பாடினதுக்கு நானே கூடப் பாடினேன்."

"மூணு சலேத்தா," என்றாள் பிலோமி. "ஒண்ணையே தாங்க முடியாது."

சலேத் சிரிக்கவில்லை.

"ரெக்கார்டிங் பண்ற முபாரக் சொன்னாரு, இவ்வளவு சுத்தமா வந்ததே இல்ல மேடம், ஒரு தூசி இல்லன்னு. சரின்னு கார்ல போட்டுக் கேட்டுக்கிட்டே வந்தேன். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் என்னால முடியல. வண்டியை ஓரமா நிறுத்திட்டேன்."

"தப்பா பாடியிருந்தியா?"

"ஒரு தப்பும் இல்ல."

"அப்புறம்?"

"திங்கக்கிழமை கொடுக்கணும் மிஸ். கொடுக்கலேன்னா ஒப்பந்தம் போயிடும். அது போனாப் போகட்டும். ஆனா இதைக் கொடுத்துட்டேன்னா இனிமே இந்தப் பாட்டுங்களை என்னால பாட முடியாது. வாயைத் திறந்தா இதுதான் கேக்கும்."

அவள் ஹெட்போனை எடுத்து நீட்டினாள். பிலோமி கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள். ஒரு பாட்டு முழுவதையும் கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கழற்றி, பீன்ஸ் தோலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல நீ எங்க நிக்கிறே?"

"மைக் முன்னாலதான்."

"பாட்டு முழுக்கவா?"

"முழுக்க."

"கால் வலிக்கலையா?"

கேலி கேட்க சலேத் மலை ஏறி வரவில்லை.

பிலோமி எழுந்தாள். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள்.

"பிடில் இருக்கா?"

"கார்ல இருக்கு."

"எடுத்துக்கிட்டு வா."

*

மாதா கோயிலுக்குப் பின்னால் மரத்தளம் போட்ட ஒரு ஹால். அவர்கள் பாடிப் பழகிய இடம். இப்போது ஒரு பக்கம் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மத்தியான நேரம்தான், ஆனால் மஞ்சு இறங்கி, வெள்ளைப் பனியாக ஜன்னல்களை அடைத்துவிட்டிருந்தது. வெளியே மரம் இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

பிலோமி தகரப் பெட்டியைத் திறந்து அந்தப் பழைய மைக்கை எடுத்தாள். ஸ்டாண்டில் மாட்டி நடுவில் வைத்தாள். சலேத் தன் பையிலிருந்த சின்ன ரெக்கார்டரை அதில் இணைத்தாள்.

பிலோமி பேஸின் உறையைக் கழற்றினாள். சுவரோரம் தன் இடத்துக்குப் போனாள்.

"எது?" என்று கேட்டாள் சலேத்.

"ராயப்பன் எழுதினது."

சலேத் பிடிலும் வில்லுமாக மைக் முன்னால் நின்றாள். பேஸ் தொடங்கியது. அவள் பாடினாள்.

மஞ்சு எறங்கி வருது – நீ
மலை எறங்கிப் போகாதே.

முதல் சரணம் முடிந்தது. பழைய வழக்கப்படி அங்கே மாண்டலின் வர வேண்டும். சலேத் பிடிலைத் தோளுக்கு ஏற்றினாள். மாண்டலினின் இடத்தைப் பிடிலால் நிரப்பினாள். நன்றாகவே வாசித்தாள்.

பேஸ் நின்றுவிட்டது.

"என்ன மிஸ்?"

பிலோமி முதலிலிருந்து தொடங்கினாள்.

சலேத் மறுபடி பாடினாள். அந்த இடம் வந்தது. இந்தத் தடவை பிடிலைத் தோளுக்கு ஏற்றவில்லை. மாண்டலினின் மெட்டை வாய்க்குள் முனகினாள்.

பேஸ் நின்றுவிட்டது.

"சொல்லிட்டு நிறுத்துங்க மிஸ். நான் என்ன பண்ணட்டும்?"

"அது யாரு இடம்?"

"ராயப்பன் இடம்."

"அப்புறம் நீ ஏன் அங்க நிக்கிறே?"

"அங்க வர யாரும் இல்லையே."

பிலோமி பேஸின் கழுத்தில் கை வைத்தபடி நின்றாள்.

"செத்துட்டான் மிஸ்," என்றாள் சலேத். குரல் உயர்ந்துவிட்டது. ஹாலில் அது திரும்பி வந்தது.

"எனக்குத் தெரியாதா? அவன் சவப்பெட்டியைத் தூக்கினவங்களுக்கு யார் எங்க நிக்கணும்னு நான்தான் சொன்னேன்."

வெளியே எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வளைவில் திரும்பியது. அந்தச் சத்தம் மஞ்சுக்குள் போய் அடங்கியது.

பிலோமி மறுபடியும் தொடங்கினாள்.

சலேத் கையில் பிடிலோடும் வில்லோடும் வெறுமனே நின்றுகொண்டிருந்தாள். பாட வேண்டிய இடம் கடந்து போனது. பிலோமி நிறுத்தவில்லை. அதே நான்கு சுரங்களைச் சுற்றிச் சுற்றி வாசித்தாள். கல்யாண வீட்டு வாசலில் யாருக்காகவோ காத்திருப்பவர்கள் நடப்பதுபோல, அவசரமில்லாமல்.

கடைசியில் சலேத் பாடினாள்.

முதல் சரணம் முடிந்தது.

அவள் பின்னால் நகர்ந்தாள். காலடியில் பலகை கிறீச்சிட்டது. பழைய பலகைதான். எப்போதும் அந்த இடத்தில்தான் கிறீச்சிடும்.

மைக் தனியாக நின்றது.

தூரத்தில் பேஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

சலேத் மைக்கைப் பார்க்கவில்லை. இடது பக்கம் பார்த்தாள். ராயப்பன் தலையைச் சற்றுக் குனிந்துகொண்டு, மாண்டலினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருகிற பக்கம். அங்கே நாற்காலி அடுக்கு இருந்தது. அதன் மேல் யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு குடை இருந்தது.

அவன் வாசிக்கும் நேரம் முழுவதும் கழிந்தது.

அவள் முன்னால் வந்தாள். இரண்டாவது சரணத்தைப் பாடினாள்.

பாட்டு முடிந்தது. பேஸின் கடைசி ஒலி அடங்கச் சற்று நேரமானது.

சுவரோரத்திலிருந்து பிலோமி கேட்டாள்.

"பின்னால போனப்ப வில்லை ஏன் இறக்கினே?"

சலேத் தன் வலது கையைப் பார்த்தாள். அது இறங்கியது அவளுக்குத் தெரியவே இல்லை.

"யாருக்குடி?"

சலேத் நாற்காலி அடுக்குப் பக்கம் திரும்பினாள்.

பிலோமி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பேஸுக்கு உறையை மாட்டினாள்.

"பீன்ஸ் அப்படியே கிடக்கு," என்றாள். "ரெக்கார்டரை அணைச்சுட்டு, கதவைச் சாத்திட்டு வா."

*

திங்கட்கிழமை காலை சலேத் ஸ்டூடியோவுக்குப் போனாள். கடைசித் தடவை பாடியதை மட்டும் வைத்திருந்த சின்ன ரெக்கார்டரை முபாரக்கிடம் கொடுத்தாள்.

"நாம முடிச்சதைத்தானே மேடம் அனுப்பப் போறோம்?"

"இதைக் கேளுங்க."

அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போட்டான். கொஞ்ச நேரத்தில் நிறுத்தினான்.

"ஒரே மைக்கா?"

"ஒண்ணுதான்."

"பேஸ் ரொம்பத் தூரத்துல இருக்கு. ஏதோ கிறீச்சுன்னு ஒரு சத்தம் வேற."

"தரை."

"அதை எடுத்துடலாம். இங்க பாருங்க மேடம், சரணம் முடிஞ்சதும் ஒண்ணுமே இல்லாம கிடக்கு. வேற யாரையாவது வாசிக்க வைக்கவா? இல்ல, வெட்டிடவா? வெட்டினா தெரியாது."

"ஒரு தடவை முழுசாக் கேட்டுட்டு வெட்டுங்க."

முபாரக் முதலிலிருந்து போட்டான். சலேத் அவனுக்குப் பின்னால் சுவரோரமாக நின்றாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. அவன் தோள் மட்டும் தெரிந்தது. அவன் விரல் மேசையில் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

விரல் நின்றது.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். காதில் ஹெட்போனோடு, தனக்கே தெரியாமல், கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

கதவு சாத்தியிருந்தது.

பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினான். வெட்டுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"யாரோ வருவாங்கன்னு பார்த்தேன் மேடம்."

"நானும்தான்," என்றாள் சலேத்.