எதிரொலி தூங்கின கோயில்

கடலோரமா ஒரு ஊர்ல ஒரு பழைய மாதா கோயில் இருந்துச்சு. நானூறு வருசத்துக்கு முன்னாடி கப்பல்ல வந்தவங்க கட்டினது. உருண்டையா கூரை, வட்ட வட்டமா வளைவு, அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும். ம் சொல்லு. சொல்லலைன்னா நான் தூங்கிருவேன்.

"ம்."

அப்புறம் புதுக்கோயில் கட்டி, மாதா சுரூபத்தையும் அங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. பழசு பூட்டிக் கிடந்துச்சு. உள்ள வௌவால்தான், படபடபடன்னு. ஊர்க்கூட்டத்துல தலைவர் சந்தியாகு, "சும்மாதான கிடக்கு, இடிச்சிட்டு ஐஸ் கம்பெனி கட்டுவோம்"ன்னார். அந்த மனுசனுக்கு எதைப் பாத்தாலும் மீன் நெனப்புதான்.

அப்போ ரெஜினான்னு ஒரு பொண்ணு எந்திரிச்சா. அவளுக்கு ஞானஸ்நானம் ஆனது, அவ அம்மாவுக்குக் கடைசிப் பூசை வச்சது, எல்லாமே அந்தக் கோயில்ல. "இடிக்காதீங்க மாமா. பாட்டு, நாடகம் வைக்கிற மண்டபமா ஆக்குவோம். நானே முதல்ல பாடுறேன்"ன்னா.

"ஞாயித்துக்கிழமை பாடு. பாட்டு வெளங்குச்சுன்னா கோயில் நிக்கும். இல்லன்னா மறுநாளே இடிப்பு"ன்னார் சந்தியாகு.

ரெஜினாவுக்கோ ஒரே கூச்சம். சரியா வரட்டும், அப்புறம் ஆளைக் கூப்பிடலாம்னு கதவைச் சாத்திட்டு ஒத்தையில பாடினா. "அம்மா..."ன்னா. கூரை "ம்மா... ம்மா... ம்மா..."ன்னுச்சு! இவ அடுத்த வரிக்குப் போயாச்சு, அது முதல் வரியிலயே நிக்குது. உள்ள ஒரு எதிரொலி குடியிருந்துச்சு, தங்கம்.

"ம்... அப்புறம்?"

அப்புறம் வீடு வீடா போர்வை வாங்கிச் சுவர்ல தொங்கவிட்டு, திரும்பக் கதவைச் சாத்திட்டுப் பாடினா. கொஞ்சம் அடங்குச்சு. ஆனா கூரை விடல, கும்ம்ம்முன்னு ஒரே இரைச்சல். அழுதுட்டா, பாவம்.

மூணாவது தடவை, ஞாயித்துக்கிழமையே வந்துருச்சு. ஊரே வந்து தொப்பு தொப்புன்னு தரையில உக்காந்துச்சு. பாதிப்பேர் பாட்டுக் கேக்க, பாதிப்பேர் இவ திண்டாடுறதைப் பாக்க. ரெஜினா பீடத்துப் படியில ஏறி நின்னா. கண்ணை மூடிக்கிட்டு "அம்மா..."ன்னா.

ஒரே ஒரு அம்மா! கடைசி வரிசைவரைக்கும் தெளிவா.

காலிச் சுவர்னாதான் சத்தம் துள்ளும். இப்போ ஆளுங்க மேல பட்டு அடங்கிருச்சு. முதல்லயே கதவைத் தொறந்து ஆளைக் கூப்பிட்டுப் பாடியிருந்தா இத்தனை அழுகை எதுக்கு? சந்தியாகு கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "சரி, ஐஸ் கம்பெனியை வேற இடத்துல பாப்போம்"ன்னார். ரெஜினா "அப்பாடா"ன்னு பீடத்துப் படியிலயே உக்காந்துட்டா.

"அந்த எதிரொலி எங்க போச்சு அத்தை?"

எங்கயும் போகல. ஒத்தையில கிடந்தப்ப கத்துச்சு, பக்கத்துல ஆள் வந்ததும் தூங்கிருச்சு. நானும் உன் பக்கத்துலதான் இருக்கேன். கதை அவ்வளவுதான், கண்ணை மூடு.

ம் சொல்லு...

அட, தூங்கியாச்சா. அப்பாடா.