மடத்துக் காரின் சூடு

மடத்தின் பழைய கார் மலைப்பாதையில் பாதி ஏறி, ஆவி கக்கி நின்றுபோனது. கயிறு கட்டி இழுத்து வந்து மடத்து வாசலில் விட்டார்கள்.

ஓட்டி வந்தவன் செங்கோடன். மடத்தில் சேர்வதற்கு முன் கார் புரோக்கர். சீடனான பிறகும் கோபம் மட்டும் பழைய தொழிலிலேயே இருந்தது.

"சாமி, இந்த எஞ்சினைத் தூக்கிக் கடாசிடலாம். காயலான் கடையில வேற எஞ்சின் பேசி முடிச்சுட்டேன். அவன் சொன்னதுல பாதிக்கு!"

குரு அவனைவிட வயதில் இளையவர். "எப்போ வரும்?"

"அடுத்த வாரம்."

"வியாழக்கிழமை பாப்பாத்தியம்மா?"

அடிவாரத்துப் பாப்பாத்தியம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. டயாலிசிஸுக்கு டவுன் ஆஸ்பத்திரி போக இந்தக் காரை விட்டால் வேறு வண்டி கிடையாது.

"அதுக்காக இதையே ரிப்பேர் பண்ணச் சொல்றீங்களா? மறுபடி நடுவழியில நின்னா? அந்தம்மா உசிரு சாமி!"

பானெட்டுக்குள் குனிந்திருந்த மெக்கானிக் இதாயத்துல்லா பாய் நிமிர்ந்தார். "எஞ்சின் பிளாக் தப்பிச்சுருச்சு சாமி. மேல மூடியிருக்கிற ஹெட்டுதான் சூட்டுல வளைஞ்சிருக்கு. லேத்துல மட்டம் பண்ணிப் புது கேஸ்கட் போட்டா புதன்கிழமையே ஓடும்."

"உங்களுக்கென்ன பாய், கூலி வந்தாச் சரி!"

"தண்ணியில்லாம மலையேத்தினா தங்கத்துல செஞ்ச எஞ்சினும் வளையும்யா. சூடு ஏறுனப்பவே நிறுத்தியிருக்கலாமில்ல?"

"ஏறுனது எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன ஜோசியனா?"

குரு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தார். டாஷ்போர்டில் அவருடைய படமே அவரைப் பார்த்துச் சிரித்தது. ஆயுத பூஜையன்று வண்டிக்குக் காவலாகச் செங்கோடன் ஒட்டியது. மேலே சந்தனம், குங்குமம்.

குரு நகத்தால் தன் முகத்தைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"ஐயோ சாமி! என்ன பண்றீங்க?"

பாதி முகம் கிழிந்து வந்தது. அடியில் கண்ணாடி வட்டம். அதற்குள் சூடு காட்டும் முள்.

குரு சாவியைத் திருப்பினார். "பாய், இது வேலை செய்யுதா?"

பாய் அந்த முள்ளுக்குப் போகும் ஒயரைக் கழற்றி எஞ்சின் இரும்பில் தொட்டார். முள் சிவப்புக்கு ஏறியது. "நல்லாவே செய்யுது சாமி."

செங்கோடன் ஜன்னல் வழியாக முள்ளை எட்டிப் பார்த்தான்.

"அப்போ... எஞ்சின் மேல தப்பில்லையா பாய்?"

"தண்ணி ஊத்தி, இந்த முள்ளையும் பார்த்து ஓட்டு. இன்னும் பல வருசம் இழுக்கும்."

செங்கோடன் போனை எடுத்தான். காயலான் கடைக்காரனிடம், திட்டாமல், "வேண்டாம்ணே" என்றான். அடுத்து பாப்பாத்தியம்மாவிடம், "வியாழக்கிழமை வந்துடறேன்மா, பயப்படாதீங்க" என்றான். சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகுதான் கிழிந்த படம் கண்ணில் பட்டது.

"உங்களையே கிழிச்சுட்டீங்களே சாமி. இனி வண்டிக்கு யாரு காவல்?"

குரு முள்ளைக் காட்டினார்.

"எனக்குப் பின்னாலேயே நின்னு மலையேற மலையேறக் கத்திக்கிட்டிருந்தாரே, இவரு."