பதினொரு பேரை வென்ற வளையல்காரன்

முன்னொரு காலத்தில் கொன்றைமலைச் சீமையைத் திம்மப்பர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். மனசு நல்ல மனசுதான். ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் உடனே ஒரு சட்டம் போட்டுவிடுவார். அப்படிப் போட்டதுதான் இது: அரசாங்கக் கப்பத்தைக் கொள்ளையடித்தவன் தலையை யானை மிதிக்கும், அவனுக்காகப் பரிந்து பேசுகிறவன் தலையையும் அதே யானை மிதிக்கும்.

ஒருநாள் கப்பப் பெட்டி காட்டுப்பாதையில் பறிபோனது. காவலுக்குப் போன தளபதி கொண்டப்பன், கிட்டப்பன் என்ற வளையல்காரனைக் கட்டி இழுத்துக்கொண்டு சபைக்கு வந்தான். காற்றடித்தால் சாய்ந்துவிடுகிற உடம்பு கிட்டப்பனுக்கு. தோளில் கண்ணாடி வளையல் கோத்த மலாரம் அப்படியே கிடந்தது.

"மகாராஜா! இவன் ஒற்றை ஆளாக வந்து என்னையும் என் பத்து வீரர்களையும் அடித்துச் சாய்த்தான். பெட்டியைப் பறித்து எங்கோ ஒளித்துவிட்டான். அப்புறம் அசந்திருந்த நேரத்தில் அமுக்கிப் பிடித்தோம்" என்றான் கொண்டப்பன். பத்து வீரர்களும் தலையாட்டினார்கள்.

"பொய் சாமி! மரத்தடியில தூங்கிக்கிட்டிருந்தேன். வீட்டுல பச்சப்புள்ள இருக்கு சாமி!" என்று அழுதான் கிட்டப்பன்.

வாசலில் யானையின் மணி அசைந்தது. 

"இவனுக்காகப் பேச யாராவது உண்டா?" என்றார் ராஜா.

யார் பேசுவார்கள்? கொண்டப்பன் மந்திரி உலகநாதரை ஓரக்கண்ணால் பார்த்தான். மந்திரியைக் கேட்காமல் ராஜா எதையும் செய்வதில்லை என்று அவனுக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். இரக்கப்பட்டு அவர் வாயைத் திறந்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மந்திரி எழுந்தார்.

"வேண்டாம் உலகநாதரே. சட்டம் உமக்கும் சேர்த்துத்தான்" என்றார் ராஜா.

"தெரியும் மகாராஜா. இவனுக்காக ஒரு வார்த்தை பேச மாட்டேன். தளபதி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் நம் சீமை வழக்கம் ஒன்று இருக்கிறதே! தளபதியை வென்றவனுக்குத்தான் தளபதியின் வாள். தோற்றவர் மண்டியிட்டு அதைக் கொடுக்க வேண்டும். பிறகு ஆயுசுக்கும் வாளைத் தொடக்கூடாது. கொண்டப்பரும் இப்படித்தானே வாங்கினார்? இவன் பதினொரு பேரை வென்றிருக்கிறான், தோளில் ஒரு வளையல்கூட உடையாமல்! வாளைக் கொடுத்துவிட்டு யானையிடம் அனுப்புங்கள்."

ராஜா மலாரத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"வழக்கம் வழக்கம்தான். கொண்டப்பா, வாளைக் கழற்று. மண்டியிடு!"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கொண்டப்பனுக்கு முகம் சிவந்தது.

"இந்த வளையல்காரன் முன்னாலா? நானா? இவன் சுண்டுவிரல்கூட என்மேல் பட்டதில்லை! குறட்டை விட்டுக்கொண்டிருந்த பயலைத் தூக்கி வந்தேன்!"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"அப்படியானால் பெட்டியை எடுத்தது யார்?" என்று ராஜா மெதுவாகக் கேட்டார்.

ஒரு வீரன் தடாலென்று காலில் விழுந்தான். "தளபதி வீட்டு வைக்கோற்போருக்குள்ள இருக்கு மகாராஜா! எங்களைக் காப்பாத்துங்க!"

ராஜா கையை ஓங்கினார். பாகன் யானையைத் தட்டி எழுப்பினான். "கொண்டப்பனுக்காகப் பேச யாராவது உண்டா?"

"நான் பேசுகிறேன்" என்றார் மந்திரி.

சபை அதிர்ந்தது. கொண்டப்பனே வாயைப் பிளந்தான்.

"இன்று நான் குறுக்கு வழியில் பேசியதால் ஓர் ஏழை பிழைத்தான், மகாராஜா. நேர் வழியில் பேச உங்கள் சட்டம் விடவில்லையே! பேச ஆள் இல்லாத சபையில் திருடன் தீர்ப்புச் சொல்வான். இவனுக்கும் ஒரு வாய் வேண்டும். அது குற்றமென்றால் என்னையும் யானையிடம் அனுப்புங்கள்."

ராஜா தலைகுனிந்தார். கோபத்தில் அவர் போட்ட சட்டம் அன்றைக்கே ஒழிந்தது. வளையல்காரனுக்கு ஒரு ஜோடி காளையும் வண்டியும் கிடைத்தன.

கொண்டப்பனுக்கு உயிர் மிஞ்சியது, வாள் போனது. கிட்டப்பனின் மலாரத்தை அவன் ஊர்வரைக்கும் தோளில் சுமந்துபோக வேண்டும். ஒரு வளையல் உடைந்தாலும் யானை காத்திருக்கிறது என்று தீர்ப்பு.

கொண்டப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பின்னால் வண்டியிலிருந்து கிட்டப்பன் குரல் கொடுத்துக்கொண்டே வந்தான்: "பார்த்து நடங்க சாமி, மேடு பள்ளம் இருக்கு!"